தனுஷ்கோடி – அரிச்சல்முனை ஒருநாள் நடைப்பயணம்

தனுஷ்கோடி – அரிச்சல்முனை நடைப்பயணம் என்பது இராமேசுவரம் தீவின் தென்கிழக்குப் பகுதியில், முகுந்தராயர் சத்திரத்தில் தொடங்கி, 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடி ஊரின் இடிபாடுகள் வழியாக, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சென்று திரும்பும் கடற்கரை நடையாகும். ஒருவழித் தூரம் சுமார் 9.5 கிலோமீட்டர். போக வர 19 கிலோமீட்டர். வழியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதை மிக எளிய நடை என்று எண்ணிவிடுவார்கள்.

நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வழியில் நிழல் மிகக் குறைவு. உலர்மணல் ஒவ்வோர் அடியிலும் காலைப் பின்னுக்கு இழுக்கும். இருபுறமும் கடல் இருந்தாலும் குடிக்க நீர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஒற்றை வழி. மலையில் நடப்பவர் களைத்துப்போனால் வேறு பக்கமாக இறங்கி ஏதாவது ஓர் ஊரை அடையலாம். இங்கே எத்தனை கிலோமீட்டர் போனோமோ அத்தனையும் வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். அதுவும் வெயில் ஏறிய பிறகு. ஆகவே இந்த நடையைத் திட்டமிடுவது என்பது பெரும்பாலும் திரும்பி வருவதைத் திட்டமிடுவதுதான்.

நிலத்தின் அமைப்பு

இராமேசுவரம் தீவிலிருந்து இலங்கையை நோக்கி நீண்டிருக்கும் ஒடுங்கிய மணல்நாக்கே தனுஷ்கோடிப் பகுதி. இதன் வடபுறம் பாக் நீரிணைப் பகுதிக் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா. வடபுறக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் உள்ளூர் மக்கள் அதைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்புறக் கடலை ஆண்கடல் என்றும் அழைப்பார்கள். இரண்டும் அரிச்சல்முனையில் சந்திக்கின்றன. அதற்கு அப்பால் மன்னார்த் தீவு வரை தொடரும் மணல்திட்டுகள்தாம் இராமர் பாலம், ஆதாம் பாலம் என்ற பெயர்களால் அறியப்படுகின்றன.

மணலைக் காற்றும் நீரோட்டமும் ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருப்பதால் முனையின் வடிவம் மாறிக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு நடந்த கரை இந்த ஆண்டு அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. மழைக்காலத்துக்குப் பின் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கி நிற்கும். அவற்றின் ஓரங்களில் மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும் நிலம் உண்டு. அதில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையலாம்.

மணலைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு செடிகள். ஒன்று அடும்பு, அதாவது ஊதாப்பூ பூக்கும் கொடி. மற்றொன்று ஊசிபோன்ற இலைகளையுடைய இராவணன் மீசை என்னும் புல். பெயருக்கு ஏற்ப அது குத்தும். வெறுங்காலுடன் மணல்மேட்டில் ஏறக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

வழியின் வரலாறு

இந்த நடை புதிதன்று. சேதுவில் நீராடச் சென்ற யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாகக் கால்நடையாகவே இவ்வழியில் சென்றனர். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் அவர்களுக்காகச் சேதுவழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நடந்து களைத்தவர் இருட்டுவதற்குள் ஓரிடத்தில் தங்கி உணவும் நீரும் பெற வேண்டும் என்பதே சத்திரத்தின் நோக்கம். இன்றைய நடை தொடங்கும் இடத்தின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருப்பது கவனிக்கத்தக்கது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடி வரை ரயில் வந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் சென்றது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் வீசிய புயலும் அதனுடன் எழுந்த கடல்பெருக்கும் ஊரை அழித்தன. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் புயலில் இறந்தோர் மொத்தம் சுமார் 1,800 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. அதன்பின் அரசு இவ்வூரை வாழத் தகுதியற்றது என அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசைகளில் வாழ்கின்றன.

அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை இல்லை. மணலிலும் நீரிலும் ஓடப் பழகிய வேன்களிலோ கால்நடையாகவோதான் செல்ல முடிந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரையிலான சாலை திறக்கப்பட்டது. இப்போது ஆயிரக்கணக்கானோர் வாகனத்தில் வந்து அரை மணி நேரம் நின்று படமெடுத்துத் திரும்புகின்றனர். நடப்பவருக்கு இந்தச் சாலை ஒரு பாதுகாப்பு. முடியாமல் போனால் கரையிலிருந்து ஏறிச் சாலைக்கு வந்துவிடலாம். பேருந்தோ ஆட்டோவோ கிடைக்கும். ஆனால் அந்த நம்பிக்கையிலேயே ஆயத்தமின்றி இறங்குவோரும் பெருகிவிட்டனர்.

எந்த மாதத்தில் செல்வது

சனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலமே ஏற்றது. வெயில் தணிவாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் காலம். அப்போது வாடைக்காற்றில் பெண்கடலும் பெண்கடலாக இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், ஆண்கடல் கொந்தளிக்கும்.

எந்த மாதமாயினும் புறப்படும் முன் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று அறிந்துகொள்வது இப்பகுதி மக்களின் வழக்கம். 1ஆம் எண் கூண்டு என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள். எண் கூடக் கூட ஆபத்தும் நெருங்குகிறது. மீனவர்கள் கடலுக்குச் செல்லாத நாளில் கடற்கரையில் நீண்டதூரம் நடக்கவும் கூடாது.

நேரக் கணக்கு

மலையேறுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. இமயத்தில் சுமார் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ரூப்குண்டு போன்ற ஏரிகளுக்குச் செல்பவர்கள், ஏரியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வார்கள். பிற்பகலில் அங்கே மேகம் சூழ்ந்து வானிலை கெடும் என்பதே காரணம். தனுஷ்கோடியில் மேகத்தின் இடத்தில் வெயிலை வைத்துக்கொண்டால் அதே விதி அப்படியே பொருந்தும்.

சனவரியில் சூரியன் ஏறத்தாழ 6.35 மணிக்கு உதிக்கிறது. அந்த நேரத்தில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து புறப்படுவதாகக் கொள்வோம். சாதாரணமாக ஒருவர் தார்ச்சாலையில் மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீட்டர் நடப்பார். அலை நனைத்து இறுகிய மணலில் இது மூன்றரை ஆகும். உலர்மணலில் இரண்டரையாகக் குறையும். கடல் வற்றம் இருக்கும்போது இறுகிய மணல் அகலமாகக் கிடைக்கும். ஏற்றத்தின்போது அலை மேலே வந்து நடப்பவரை உலர்மணலுக்குத் தள்ளிவிடும். இப்பகுதியில் ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், சரிவு குறைந்த கரையில் அந்தச் சிறு வேறுபாடே போதும். எனவே சராசரியாக மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது நல்லது.

இடிபாடுகள் உள்ள பழைய தனுஷ்கோடி ஐந்து கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர 8.15 ஆகிவிடும். தேவாலயம், ரயில் நிலையம், நீர்த்தொட்டி ஆகியவற்றின் எஞ்சிய சுவர்களைப் பார்த்து, இளைப்பாறி 8.40க்குப் புறப்பட்டால், எஞ்சிய நான்கரை கிலோமீட்டரை நடந்து அரிச்சல்முனையை 10.10க்கு அடையலாம். இருபது நிமிடம் அங்கே இருக்கலாம். 10.30 மணி திரும்பும் நேரம்.

இந்த 10.30 என்பதுதான் திட்டத்தின் உயிர். அப்போது முனையில் நின்றாலும் சரி, முனைக்கு ஒரு கிலோமீட்டர் இருந்தாலும் சரி, திரும்ப வேண்டும். அதற்கு முன்னோட்டமாக இன்னொரு சோதனையும் உண்டு. 9 மணிக்குள் இடிபாடுகளைக்கூட அடையவில்லை என்றால் அங்கிருந்தே திரும்புவது முறை. கண்ணெதிரே முனை தெரியும்போது திரும்ப மனம் வராது. ஆகவே திரும்பும் நேரத்தை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். குழுவில் யாவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது மணலில் நடப்பதைவிடச் சாலையில் நடப்பது மேல். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். ஓய்வையும் சேர்த்தால் ஒன்றரை மணிக்குள் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். இத்திட்டத்தில் ஒரு சிறு வசதியும் இருக்கிறது. காலையில் சூரியன் முகத்துக்கு நேரே இருந்தாலும் அப்போது சூடு இல்லை. முற்பகலில் வடமேற்காகத் திரும்பும்போது வெயில் பெரும்பாலும் முதுகுப்பக்கம் விழும். பிற்பகலில் புறப்படுபவருக்கு இது தலைகீழாகும். மேலும் மாலையில் காவல்துறையினர் பயணிகளை வெளியேற்றிவிடுவார்கள். அனுமதி நேரத்தை அன்றன்று சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பானது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட நடைப்பயணிகள் இறந்தனர். காடும் கடற்கரையும் ஒன்றல்ல. ஆனாலும் எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில், வெளியேற எத்தனை வழிகள் உள்ள இடத்தில் இருக்கிறோம் என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது.

குடிநீர்

நடக்கும் ஒருவர் வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் குடிக்க வேண்டியிருக்கும். ஏழு மணி நேர நடைக்கு ஒருவருக்கு நான்கு லிட்டராவது வேண்டும். அதாவது நான்கு கிலோ சுமை. சுமைக்கு அஞ்சி ஒரு பாட்டிலுடன் புறப்படுவதே இங்கு அடிக்கடி நிகழும் தவறு. இடிபாடுகளின் அருகே கடைகள் உண்டு என்றாலும், அதிகாலையில் அவை திறந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நீரைச் சமமாகப் பிரிக்கவும் கூடாது. திரும்பும் வழியில்தான் வெயில் அதிகம். எனவே அரிச்சல்முனையில் நிற்கும்போது பாதிக்கு மேல் மிச்சமிருக்க வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் வெறும் நீர் மட்டும் போதாது. ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து ஒரு பாட்டிலை வைத்துக்கொள்ளலாம். மோரும் நன்று, ஆனால் வெயிலில் விரைவில் புளித்துவிடும்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு ஆகியவை உடல் தரும் முதல் எச்சரிக்கைகள். பேச்சுத் தடுமாறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது ஆபத்தான நிலை. உடனே நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறி, 108க்கு அழைக்க வேண்டும். முனையருகே கைப்பேசி இலங்கை வலைப்பின்னலைப் பிடித்துக்கொள்வது உண்டு. அவசர அழைப்புக்கு முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த இம்மணலில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. தனுஷ்கோடிப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் நிரப்புவதை இன்றும் காணலாம். சில அடி ஆழத்திலேயே நீர் ஊறும். அது குடிக்கத்தக்க நன்னீர்.

இதன் காரணம் எளிமையானது. மழைநீர் மணலில் இறங்குகிறது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை சுமார் 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். இலேசான நன்னீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. மணல்துகள்களின் இடையே நீர் மெதுவாகவே நகர்வதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கடலோர மணல்மேடுகளை ஆராய்ந்த கைபென், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் இதற்கு ஒரு கணக்குக் கண்டனர். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது பங்கு ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே 10 சென்டிமீட்டர் என்றால் கீழே 4 மீட்டர்.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். அதிகமாக இறைத்து அந்த 10 சென்டிமீட்டரை இழந்தால், நாளடைவில் கீழுள்ள 4 மீட்டரும் போய்விடும்; அந்த இடத்தில் உப்புநீர் ஏறும். சிரட்டையால் மொள்ளும் வழக்கம் வறுமையால் மட்டும் வந்ததன்று. மேலாக ஊறும் நீரை மட்டும், ஊறும் வேகத்திலேயே எடுக்கும் அறிவு அதில் இருக்கிறது.

ஆகையால் இந்த ஊற்றுகளை நடைப்பயணத் திட்டத்தில் குடிநீராகச் சேர்க்கக் கூடாது. அவை அங்கு வாழும் குடும்பங்களின் அடுப்படி. ஊற்றில் கால் கழுவுவதும், அருகில் மலசலம் கழிப்பதும், உணவுப் பொட்டலங்களை எறிவதும் ஒரு வீட்டின் குடத்தில் செய்வதற்குச் சமம். மணலில் இறங்கும் எதுவும் சில அடி ஆழத்திலேயே அந்த நீரைத் தொட்டுவிடும். நாக்கு வறண்டவருக்கு ஒரு செம்பு நீர் கேட்டால் இல்லை என்று சொல்லும் ஊரன்று அது. கேட்காமல் எடுப்பதுதான் தவறு.

கடலில் இறங்குதல்

அரிச்சல்முனையில் கடலில் குளிக்கக் கூடாது. இரு கடல்களின் அலைகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து மோதுவதால் நீரோட்டம் கணிக்க முடியாதபடி இருக்கும். காலடி மணல் திடீரென அரித்துப் பள்ளமாகும். முழங்கால் ஆழத்தில் நின்றவர்களும் இழுக்கப்பட்டிருக்கிறார்கள். வானம் தெளிவாக இருப்பதாலேயே கடலும் அமைதி என்று கருத முடியாது. தொலைதூரக் கடலில் எழுந்த காற்றின் விளைவாக முன்னறிகுறியின்றி வரும் பேரலையைக் கடலோர மக்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இத்தகைய அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தனர்.

பெண்கடல் பக்கம் ஆழம் குறைந்த நீரில் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை அந்த அசைவில் விலகிப்போகும். மேலே மிதித்தால்தான் முள்ளால் குத்தும். கரையொதுங்கிக் கிடக்கும் சொறிமீனைக் கையால் தொடக் கூடாது. இறந்த பின்னும் அது சுடும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவ வேண்டும்.

வழியில் காணத்தக்கவை

குளிர்காலத்தில் கோதண்டராமர் கோவிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். 2025 சூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடிப் பகுதியில் பூநாரைகளுக்கென ஒரு சரணாலயத்தை அறிவித்தது. பறவைகளைப் பறக்கவிட்டுப் படமெடுக்க விரும்புவோர் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்: நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு இரை தேடும் நேரம் அளவோடுதான் கிடைக்கிறது.

சனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். அதிகாலையில் முதலில் நடப்பவர் கண்ணில், கடலிலிருந்து மேலேறித் திரும்பும் அகன்ற தடம் படலாம். அத்தடம் முடியும் இடத்தைத் தோண்டாமல் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும். முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் சென்று குஞ்சுகளைக் கடலில் விடுவது அவர்கள் பணி. பவளப்பாறைத் துண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்துவருவதும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழைய தேவாலயச் சுவரிலேயே கட்டுமானக் கல்லாகப் பவளக்கல்லைப் பார்க்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டிய மற்றவை கொஞ்சமே. அகன்ற விளிம்புள்ள தொப்பி அல்லது தலையில் கட்டும் பருத்தித் துண்டு, முழுக்கைச் சட்டை, மணல் நுழைந்தால் உதறிப் போடத்தக்க பட்டைச் செருப்பு, கட்டுத்துணி, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. குடை வேண்டாம், முனைக்காற்றில் அது நிற்காது. தனியாகச் செல்வதைத் தவிர்த்து, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை இராமேசுவரத்தில் தங்குமிடத்தாரிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் தேட ஒருவர் இருப்பார்.